ஒரு பங்க் வட்டத்தின் நினைவுகளைச் சேகரிப்பது எப்படி: வாஷிங்டன் ஹார்ட்கோரை முன்வைத்து

வாஷிங்டன் நகரத்தின் மைனர் திரெட் இசைக்குழு 1980-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, 1983 செப்டம்பரில் முடிந்துபோனது. அக்குழுவின் முழுத் தொகுப்பில் இருக்கும் பாடல்கள் 26. அவற்றை ஒரே மூச்சில் கேட்டாலும் ஒரு மணி நேரம் பிடிக்காது. அந்தப் பாடல்களுக்கு இனி ஆபத்து இல்லை. இசைத்தட்டாகவும் குறுந்தகடாகவும் இணையத்திலும் அவை கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அழிந்துகொண்டிருப்பவை பாடல்களைச் சுற்றி இருந்த பொருள்கள்: மின்கம்பத்தில் ஒட்டிய ஜெராக்ஸ் நோட்டீஸ், கூட்டத்தின் நடுவில் நின்று ஒருவர் கையடக்க ரெக்கார்டரில் பிடித்த கேசட், சில பிரதிகளே அச்சான சிறுபத்திரிகை, அன்றிரவு டிரம்கள் யாருடைய காரில் வந்தன என்ற செய்தி. ஓர் ஊரின் ஹார்ட்கோர் பங்க் (பங்க் ராக் இசையின் மிக வேகமான, முரட்டு வடிவம்) வட்டத்தை நினைவில் நிறுத்த விரும்புகிறவர் முதலில் காப்பாற்ற வேண்டியவை இவைதான். இக்கட்டுரை அதற்கான வழிமுறையைச் சொல்கிறது.

நான் படிப்பதற்காக வாஷிங்டனின் புறநகர் ஒன்றில் போய்ச் சேர்ந்தது 1990-களின் நடுப்பகுதியில். மைனர் திரெட் கலைந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அக்குழுவில் பாடிய இயன் மெக்காய் அப்போது ஃபுகாசி குழுவில் கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். ஒரு கோடை மாலையில் அவர்கள் ஃபோர்ட் ரீனோ பூங்காவில் கட்டணமின்றி வாசித்ததைப் புல்தரையில் அமர்ந்து கேட்டேன். நகரத்தின் மிக உயரமான இயற்கை மேடு அதுதான்; மெக்காய் படித்த உயர்நிலைப் பள்ளி அதன் அருகிலேயே இருக்கிறது. என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிற்பாடு நண்பரானார். அவர் வீட்டு அலமாரியில் ஒரு காலணிப் பெட்டி இருந்தது. அதில் பதினேழு கேசட்டுகளும், ஒரு கட்டு நோட்டீஸ்களும், மூன்று சிறுபத்திரிகைகளும், கழுவப்படாத ஒரு ஃபிலிம் சுருளும் இருந்தன. கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, சில தவறுகளைச் செய்து, நான் கற்றுக்கொண்டது.

முதலில் காலவரிசை

எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன் ஒரு பேரேட்டைத் தொடங்க வேண்டும். தேதி, கிழமை, இடம், வாசித்த குழுக்கள், நுழைவுக் கட்டணம், இத்தகவல் எங்கிருந்து கிடைத்தது என்ற ஆறு கட்டங்கள் போதும். ஆறாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; பின்னால் இரண்டு பேர் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதி சொல்லும்போது, எது அச்சில் வந்தது, எது ஒருவர் ஞாபகத்திலிருந்து சொன்னது என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். அச்சிட்ட ஆதாரம், அன்றே எழுதிய நாட்குறிப்பு அல்லது கடிதம், பின்னாளில் சொன்ன நினைவு என மூன்று வகையாகக் குறித்தால் போதுமானது.

ஒரு குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு பேரேட்டை எழுத முடியாது என்பது விரைவிலேயே தெரிந்துவிடும். மைனர் திரெட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் டீன் ஐடில்ஸுக்குப் போக வேண்டும். மெக்காயும் டிரம் வாசித்த ஜெஃப் நெல்சனும் அதற்குமுன் இருந்த குழு அது. டீன் ஐடில்ஸ் பற்றி எழுதினால் பேட் பிரெயின்ஸ் இல்லாமல் எழுத முடியாது. ஜாஸ் கலப்பிசை வாசித்துப் பழகிய நான்கு கறுப்பின இளைஞர்கள் பங்க் இசைக்குத் திரும்பி, ஊரில் வேறு எவரும் நெருங்க முடியாத வேகத்தில் வாசித்தார்கள். அவர்கள் வாசிப்பதைப் பார்த்துத்தான் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வேகம் என்றால் என்ன என்று கற்றார்கள். இன்னும் பின்னால் போனால், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக நிர்வாகம் தன் மாணவர் வானொலியை மூடிய நிகழ்வு வரும். அந்த வானொலிக்கு ஆதரவாக 1979 பிப்ரவரி 3 அன்று கிராம்ப்ஸ் குழு வாசித்த கூட்டத்தில்தான் மெக்காய் முதன்முதலாக ஒரு பங்க் நிகழ்ச்சியைப் பார்த்தார். ஒரு வானொலி மூடப்பட்டதால் ஒரு தலைமுறைக்குக் காது திறந்தது என்று சொன்னால் மிகைதான். ஆயினும் பேரேட்டில் அந்தத் தேதி முதல் வரியாக இருக்கத் தகுதி உடையது.

இங்கே ஓர் எல்லையும் வேண்டும். 1979 முதல் 1985 வரை என்று நான் வைத்துக்கொண்டேன். 1985-ஆம் ஆண்டின் கோடையை அவ்வட்டத்தார் புரட்சிக் கோடை என்று அழைத்தார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்பிரேஸ் போன்ற புதுக் குழுக்கள் வந்தன, இசையின் குணம் மாறியது. எல்லை எங்கே இருந்தாலும் தவறில்லை, எல்லையே இல்லாமல் இருப்பதுதான் வேலையைக் கெடுக்கும்.

நோட்டீஸும் சிறுபத்திரிகையும்

நோட்டீஸ்களில் ஆண்டு இருக்காது. அடுத்த வாரம் நடக்கப்போகும் நிகழ்ச்சிக்கு ஆண்டை எழுத எவருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் கிழமையும் தேதியும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும், அது போதும். மைனர் திரெட்டின் கடைசி நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 23 என்று மட்டும் ஒரு தாளில் இருந்தால், அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் விழும் ஆண்டுகள் 1977, 1983, 1988, 1994 என்று நாட்காட்டி சொல்லும். குழு உயிரோடிருந்த காலத்துக்குள் பொருந்துவது 1983 ஒன்றுதான். இந்தக் கணக்கை ஒவ்வொரு நோட்டீஸுக்கும் போட வேண்டும். கணக்கு ஒத்துவராத நோட்டீஸ் கிடைத்தால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: எழுதியவர் கிழமையைத் தவறாக எழுதியிருப்பார், நிகழ்ச்சி தள்ளிப்போய்ப் பழைய தாளையே திருத்தியிருப்பார்கள், அல்லது பிற்காலத்தில் விற்பனைக்காக எவரோ புதிதாகச் செய்த போலி அது. கடைசிவகை இப்போது பெருகிவருவதால், பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்ப்பது நல்லது.

இடத்தின் பெயரும் காலத்தைச் சொல்லும். 9:30 கிளப் 1980-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் எஃப் தெருவின் 930-ஆம் எண் கட்டடத்தில் திறந்தது. பெயரே முகவரியிலிருந்து வந்தது. 199 பேர் மட்டுமே நிற்கக்கூடிய அந்தக் கூடம் 1996-இல் வேறு தெருவுக்கு மாறியது. ஆகவே தாளில் பழைய முகவரி இருந்தால் அது அதற்கு முந்தியது. குழுவின் அமைப்பும் உதவும். மைனர் திரெட் நான்கு பேர் கொண்ட குழு; 1982-இல் பிரையன் பேக்கர் பேஸ் கிட்டாரிலிருந்து இரண்டாவது கிட்டாருக்கு மாற, ஸ்டீவ் ஹான்ஸ்ஜென் பேஸ் வாசிக்க வந்தார்; முடிவதற்கு முன் மறுபடியும் நால்வரானார்கள். மேடையில் ஐந்து பேர் நிற்கும் படமோ, ஐந்து பெயர்கள் கொண்ட தாளோ கிடைத்தால் அதன் காலம் 1982–83 என்று நெருக்கிவிடலாம்.

தாளைப் பேணுவதில் எளிய விதிகள் சிலவே. ஜெராக்ஸ் மை என்பது தாளின்மேல் சூட்டால் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். அது மங்குவதில்லை, ஆனால் கடையில் கிடைக்கும் மலிவான பிவிசி உறைக்குள் வைத்தால் சில ஆண்டுகளில் உறையோடு ஒட்டிக்கொண்டு, உருவும்போது எழுத்து உறையின் பக்கம் போய்விடும். பாலியெஸ்டர் உறை வாங்க வேண்டும், அல்லது அமிலமற்ற தாள் மடிப்புக்குள் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். லேமினேட் செய்யவே கூடாது. அது திரும்பப் பெற முடியாத செயல். துருப்பிடித்த ஸ்டேபிள் பின்னைப் பிடுங்காமல், தாளைக் கவிழ்த்து, பின்னின் இரண்டு கால்களையும் மெல்லிய தட்டைக் கத்தியால் நிமிர்த்திவிட்டு, முன்பக்கமாக எடுக்க வேண்டும். மஞ்சளேறிய செல்லோ டேப்பை அப்படியே விட்டுவிடுங்கள். அதை உரிக்கும் வேலை தாள் பாதுகாப்பு தெரிந்தவருக்கு உரியது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஈரமும் இராமபாணப் பூச்சியும் கூடுதல் எதிரிகள், எனவே பெட்டி சுவரை ஒட்டியோ தரையிலோ இருக்கக் கூடாது.

பிறகு ஸ்கேன் செய்வது. கறுப்பு வெள்ளைத் தாளாக இருந்தாலும் வண்ணத்திலேயே, அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், டிஃப் கோப்பாக எடுக்க வேண்டும். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். என் நண்பரின் நோட்டீஸ் ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய ஒரு கணக்கு இருந்தது: வாசலில் வசூலான தொகை, ஒலிபெருக்கி வாடகை, மூன்று குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. முன்பக்கத்து ஓவியத்தைவிட எனக்கு அது பெரிய செல்வமாகப் பட்டது. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் கணினியே அவற்றைக் காலவரிசையில் அடுக்கிவிடும்.

சிறுபத்திரிகை என்ற சொல் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. சொந்தப் பணத்தில் அச்சிட்டு, சந்தாவை நம்பி, சில இதழ்களோடு நின்றுபோகும் அந்த மரபு நமக்கு நன்றாகவே தெரியும். வாஷிங்டன் வட்டத்திலும் கேப்பிட்டல் கிரைசிஸ், ட்ரூலி நீடி போன்ற இதழ்கள் அப்படித்தான் வந்தன. இவற்றைச் சேகரிக்கும்போது கட்டுரைகளையும் நேர்காணல்களையும் விட, கடைசிப் பக்கத்துச் சிறு விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் முதலில் அட்டவணைப்படுத்துமாறு சொல்வேன். எந்தக் கடையில் எந்த இசைத்தட்டு எவ்வளவுக்கு விற்றது, எந்த ஊரார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்பன அங்கேதான் கிடைக்கும். தனியார் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் அதே பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், இணையத்தில் ஏற்றும் பிரதியில் அவற்றை மறைத்துவிட்டு, மூலப் பிரதியை மறைக்காமல் தனியே வைக்க வேண்டும்.

உறையைப் பிரித்துப் பார்த்தல்

இசைத்தட்டு உறைகளையும் காகிதப் பொருளாகவே கருதிப் பழகுங்கள். டீன் ஐடில்ஸ் குழு ஓராண்டு வாசித்துச் சேர்த்த பணம் சுமார் 600 டாலர். 1980-இல் குழு கலைந்தபோது அதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல், தங்கள் பாடல்களை ஓர் ஏழு அங்குலத் தட்டாக வெளியிட்டார்கள். டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு அது, முதல் அச்சு 1000 பிரதி. உறை செய்வது எப்படி என்று எவருக்கும் தெரியாததால், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதன் வடிவத்தை வரைந்து, அச்சடித்து, நண்பர்கள் கூடி உட்கார்ந்து கத்தரித்து மடித்து ஒட்டினார்கள். ஆகவே அக்காலத்து உறைகளில் மடிப்பு கோணலாகவும், பசை வெளியே வழிந்தும் இருப்பது குறையன்று. அதைச் சரிசெய்ய முயலாமல், மடிப்பின் அகலத்தையும் பசைத் தடத்தையும் அளந்து குறித்து வையுங்கள். ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு விதமான மடிப்பு உண்டு.

அந்த முதல் உறையில் இருந்த, பெருக்கல் குறி இட்ட கைகளின் படமும் காலக்குறிப்புதான். 1980 கோடையில் டீன் ஐடில்ஸ் கலிபோர்னியா சென்று வாசித்தபோது, சான் பிரான்சிஸ்கோவில் மது அருந்தும் வயதை எட்டாதவர்களின் புறங்கையில் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் அதே ஏற்பாட்டைத் தங்கள் ஊர்க் கூடத்திடமும் கேட்டார்கள்: குறியிட்டு உள்ளே விடுங்கள், நாங்கள் குடிக்க மாட்டோம். விலக்குவதற்காக இட்ட குறியைப் பிள்ளைகள் தங்கள் கொடியாக ஆக்கிக்கொண்டார்கள். பின்னர் மைனர் திரெட் 46 நொடியில் பாடிய பாட்டு ஒன்றிலிருந்து, குடியும் புகையும் போதையும் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற பெயரும் வந்தது. படங்களில் கைகளை உருப்பெருக்கிப் பாருங்கள். குறி இருக்கிறதா, எத்தனை பேரின் கையில் இருக்கிறது என்பதைப் பேரேட்டில் எழுதுங்கள். வட்டத்தின் வயது அதில் தெரியும்.

கேசட்டுகள்

இந்த வேலையில் மிகுந்த பொறுமை கேட்பது கேசட்தான், இதில்தான் நான் தவறினேன். நண்பரின் பதினேழில் முதலாவதை, ஆர்வம் தாங்காமல், கைக்குக் கிடைத்த ஒரு மலிவான பிளேயரில் போட்டேன். ரப்பர் பட்டை இளகிப்போயிருந்த அந்தக் கருவி நாடாவை உள்ளிழுத்துச் சுருட்டி நசுக்கிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டின் நடுவே இன்றும் அந்தக் கசங்கல் கேட்கிறது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடுதல் வருத்தம்.

எனவே வரிசை இது. முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் எவரும் தவறிப்போய் மேலே பதிவுசெய்ய முடியாது. அடுத்து, நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது உதிர்ந்திருக்கும். அப்படியானால் நாடாவை மட்டும் திருகாணி போட்ட வேறொரு கூட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழுது பார்த்த நல்ல கேசட் டெக் ஒன்றைத் தேடிப்பிடித்து, நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியையும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்தபின், கேசட்டை ஒருமுறை முழுதாகச் சீரான வேகத்தில் ஓடவிட்டுச் சுற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா அப்போதுதான் தளரும்.

கேசட்டின் ஒலி மந்தமாக இருந்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பதிவுசெய்த கருவியின் தலைக்கோணமும் உங்கள் கருவியின் தலைக்கோணமும் ஒத்துப்போகாததுதான் அநேகமாகக் காரணம். டெக்கின் தலைப்பகுதியில் இருக்கும் சிறு திருகை மயிரிழை அளவாகத் திருப்பி, சிம்பலின் ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைப் பொறுத்தவரை, அப்படிப் பதிவுசெய்ததாக அட்டையில் எழுதியிருந்தாலன்றி அணைத்தே வைப்பது நல்லது.

வேகம் இன்னொரு சிக்கல். மின்கலம் தீரும் நிலையில் இருந்த ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கும். அதை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் விரைவாகவும் சுருதி ஏறியும் கேட்கும். ஹார்ட்கோரில் இது பெரிய ஏமாற்று, ஏனென்றால் வேகமாகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும், சந்தேகமே வராது. இதற்கு ஓர் அழகான உரைகல் இருக்கிறது. மேடை ஒலிபெருக்கிகளின் அடியில் ஓயாமல் ஒரு முனகல் இருக்குமல்லவா? அது மின்சாரத்தின் முனகல். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் 50. ஒலிபெருக்கி வழியாக வெளிவந்து ரெக்கார்டரில் பதிந்த அந்த முனகலைக் கணினியில் அலைவரிசைப் படமாக விரித்துப் பார்த்து, அது 60-இலோ அதன் இருமடங்கான 120-இலோ சரியாக நிற்கும்வரை வேகத்தைத் திருத்தினால், அன்றிரவு அவர்கள் வாசித்த வேகம் கிடைத்துவிடும். பாட்டுக்கு இடையே, கிட்டார்க்காரர் சுருதி சேர்க்கும் இடைவெளியில் அந்த முனகல் தெளிவாக அகப்படும்.

அந்த இடைவெளிகளை வெட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் பாட்டுகளை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுகிறார்கள். பாட்டு தட்டிலேயே இருக்கிறது, அதைவிடத் தெளிவாகவும் இருக்கிறது. தட்டில் இல்லாதது, கம்பி அறுந்ததும் எவரோ பின்னாலிருந்து கிண்டல் செய்வதும், தொலைந்த கார்ச் சாவிக்கு மேடையிலிருந்து அறிவிப்புச் செய்வதும், சண்டை மூண்டதும் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுவதும்தான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் வேவ் கோப்பாக, தொடக்கம் முதல் நாடா முடியும்வரை ஒரே கோப்பாக எடுத்து, இரைச்சல் நீக்கம் எதுவும் செய்யாமல் மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். அழகுபடுத்தும் வேலையெல்லாம் பிரதியில். மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்புக் கருவிகளில், அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் ஃபுகாசி குழுவினரே. அவர்கள் வாசித்த நிகழ்ச்சிகள் சுமார் ஆயிரம்; அவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் பதிவுகள் அவர்கள் கைவசம் இருந்தன. 2011-இல் தொடங்கி அவற்றை இணையத்தில் வெளியிட்டார்கள், பரிந்துரைத்த விலை 5 டாலர். அவர்கள் தங்கள் நிகழ்ச்சிகளுக்கு வழக்கமாக வாங்கிய நுழைவுக் கட்டணமும் அதுதான்.

பேசவைப்பது

பொருள்கள் ஓரளவு ஒழுங்கான பின்புதான் மனிதர்களிடம் போக வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. அன்றைய வட்டம் எப்படி இருந்தது என்று கேட்டால், பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த நான்கு வாக்கியங்கள்தான் கிடைக்கும். ஒரு நோட்டீஸை மேசையில் வைத்து, இந்த இரவுக்கு வீட்டிலிருந்து எப்படிக் கிளம்பினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு மணிவரிசையில் போங்கள்: வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள், எதில் வந்தீர்கள், கையில் எவ்வளவு பணம் இருந்தது, வாசலில் யார் நின்றார், எங்கே நின்று கேட்டீர்கள், காதில் இரைச்சல் எத்தனை நாள் இருந்தது, கடைசி ரயில் தவறியிருந்தால் எப்படித் திரும்பினீர்கள். பாட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டாம், அவர்களே பேசுவார்கள்.

மேடையில் நின்றவர்களிடம் முதலில் போகாதீர்கள். அவர்களை நாற்பது ஆண்டுகளாக எல்லாரும் கேட்டாயிற்று. கார் ஓட்டியவர், உறை ஒட்டியவர், வாசலில் பணம் வாங்கியவர், படமெடுத்தவர், நிகழ்ச்சிக்கு மூன்றே முறை வந்து பிறகு வராமல் போனவர் என்று தேடுங்கள். கடைசியில் சொன்ன அந்த மனிதரைக் கண்டுபிடிப்பது கடினம். அவர் ஏன் வராமல் போனார் என்பதற்கான விடை மற்றவர் எவரிடமும் இருக்காது. டான் ஸியென்டாரா என்பவர் ஆர்லிங்டனில் தன் வீட்டு அடித்தளத்தில் வைத்திருந்த இன்னர் இயர் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் இந்த வட்டத்தின் பெரும்பாலான தட்டுகள் பதிவாயின. பிற்பாடு வேறு கட்டடத்துக்கு மாறிய அக்கூடம் 2021-இல் மூடப்பட்டது. இப்படி ஓர் இடம் மூடப்படுகிறது என்ற செய்தி வந்தால் உடனே போய்விடுங்கள். இடம் இருக்கும்போது அங்கே நின்று பேசுகிறவரின் ஞாபகம் வேறு, இடம் போனபின் நாற்காலியில் அமர்ந்து பேசுகிறவரின் ஞாபகம் வேறு.

பெண்களின் நினைவுகளை வலிந்து தேட வேண்டும், ஏனெனில் படங்களில் அவர்கள் குறைவாகவே தெரிவார்கள். பல நேரங்களில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் அவர்கள்தான். 1988-இலேயே ஷேரன் செஸ்லோ, சிந்தியா கானலி, லெஸ்லி கிளேக் ஆகிய மூவரும் அந்த வட்டத்தின் புகைப்படங்களையும் வாய்மொழிச் செய்திகளையும் நூலாகத் தொகுத்துவிட்டார்கள். செஸ்லோ, பெண்கள் மட்டுமே கொண்ட சாக் சர்க்கிள் குழுவில் வாசித்தவர். கானலி, மைனர் திரெட்டின் 1983-ஆம் ஆண்டுத் தட்டுக்கு, கூட்டத்திலிருந்து விலகித் துள்ளும் கறுப்பு ஆட்டை வரைந்தவர். நிகழ்ச்சிகள் முடிந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள், எவரும் கேட்காமலே, தங்களுக்காகத் தாங்களே செய்துகொண்ட தொகுப்பு என்பதால் அதை நான் ஒரு முன்மாதிரியாக எப்போதும் சுட்டுவேன். காத்திருக்க வேண்டியதில்லை.

இனிமையானவற்றை மட்டும் கேட்டு எழுதினால் அது பிறந்தநாள் வாழ்த்து மடலாகிவிடும். 1980-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் மக்களில் பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். ஹார்ட்கோர் வட்டத்துப் பிள்ளைகளோ பெரும்பாலும் வெள்ளையர். அதே நகரத்தில் அதே ஆண்டுகளில் கோ-கோ என்ற கறுப்பின நடன இசை பெருங்கூட்டத்தோடு தழைத்திருந்தது. இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று அபூர்வமாகவே தொட்டன. மைனர் திரெட்டின் கடைசி நிகழ்ச்சி, லான்ஸ்பர்க் என்ற பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில், கோ-கோ இசையின் முன்னணிக் குழுவான ட்ரபிள் ஃபங்க்கோடும் டெக்சாஸிலிருந்து வந்த பிக் பாய்ஸோடும் சேர்ந்து நடந்தது என்பதால்தான் அந்த இரவைப் பற்றி இரண்டு தரப்பாரிடமும் கேட்க வேண்டும் என்கிறேன். மேடைக்கு முன் ஆடும் கூட்டத்தில் நடந்த அடிதடியைப் பற்றியும் கேளுங்கள். புரட்சிக் கோடை என்று ஒன்று தேவைப்பட்டதற்கு அந்த அடிதடியில் பலருக்கு ஏற்பட்ட சலிப்பும் ஒரு காரணம். ஒருவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்தாமல், சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

பேச்சைப் பதிவுசெய்யும் முன் எழுத்தில் சம்மதம் பெறுவது, பதிவை எவரெல்லாம் கேட்கலாம் என்பதை அவரே தேர்ந்தெடுக்க விடுவது, எழுத்தாக்கிய பின் அவரிடம் ஒருமுறை காட்டுவது ஆகிய மூன்றும் கட்டாயம். படங்களில் இருப்பவர்களில் பலர் அன்று பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். இன்று அவர்களுக்கு வேறு வாழ்க்கை இருக்கிறது; எனவே பெயர் போடுவதற்கு முன் கேட்க வேண்டும்.

ஒப்படைத்தல்

வீட்டில் வைத்திருப்பது இறுதி ஏற்பாடு ஆகாது. வாஷிங்டன் பொது நூலகம் 2014-இல் பங்க் இசைக்கென்றே ஓர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது; மேரிலாந்து பல்கலைக்கழகத்திலும் அந்நகரத்துப் பங்க் சிறுபத்திரிகைகளின் தொகுப்பு இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லையென்றால், பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவை அணுகிப் பார்க்கலாம். கொடுக்கும்போது எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டைப் பிரித்துக் கேளுங்கள்: பொருளின் உடைமை ஒன்று, அதில் இருக்கும் படைப்பின் உரிமை மற்றொன்று. கேசட் என் நண்பருடையது, அதில் இருக்கும் பாட்டு அவருடையதன்று. எனவே அவரால் நாடாவைக் கொடுக்க முடியும், பாட்டை வெளியிட அனுமதி கொடுக்க முடியாது. பேரேட்டின் ஒரு பிரதியையும் பொருள்களோடு சேர்த்தே கொடுங்கள். பேரேடு இல்லாத பெட்டியைத் திறக்கும் காப்பாளர் உங்கள் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அந்த ஃபிலிம் சுருளைப் பற்றிச் சொல்லவில்லையே. பழைய ஃபிலிமைக் கழுவுவதில் பழக்கமுள்ள ஒருவரிடம் அனுப்பினோம். இருபத்து நான்கில் ஒன்பது சட்டகங்களில் உருவம் இருந்தது. ஏழில் மேடையே இல்லை, எவருடைய முதுகோ தலையோதான். ஒன்றில் ஒலிபெருக்கியின் மேல் ஒரு ஜோடிக் காலணி. மற்றொன்றில் மழை நனைத்த தெருவில் ஐந்தாறு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் நண்பர் அதில் தன்னைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. அதையும் எண்ணிட்டு உறையிலிட்டோம். காலணிப் பெட்டியையும் கொடுத்துவிடத்தான் இருந்தோம். மூடியின் உட்புறத்தில் பேனாவால் எழுதிய இருபத்தொரு நிகழ்ச்சிகளின் பட்டியலை, பெட்டி காலியான அன்றுதான் இருவருமே பார்த்தோம். அதில் நான்கு எங்கள் பேரேட்டில் இல்லை.